ஏழாம் வகுப்பு மகள் சீன மொழியைத் தொடரலாமா, ஸ்பானிஷுக்கு மாறலாமா?

கேள்வியின் சுருக்கம் இது: மகள் சர்வதேசப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு ஆண்டுகளாகச் சீனம், அதாவது மாண்டரின், எடுத்திருக்கிறாள். வகுப்புத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வருகிறது. ஆனால் யாரிடமாவது பேசச் சொன்னால் வாய் திறப்பதில்லை. வகுப்பில் சில பிள்ளைகள் வீட்டிலேயே சீனம் பேசுகிறவர்கள். எட்டாம் வகுப்புக்கு மொழியைத் தேர்ந்தெடுக்கும் படிவம் வந்திருக்கிறது. தொடரலாம், அல்லது ஸ்பானிஷுக்கு மாறலாம். வீட்டில் யாருக்கும் சீனம் தெரியாது.

சர்வதேசப் பள்ளிகளில் சீனத்தை வெளிநாட்டு மொழியாகக் கற்பிப்பதுதான் என் வேலை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொடரட்டும், இரண்டு விஷயங்கள் சரியாக அமைந்தால். ஒன்று, பள்ளி அவளை எந்தப் பிரிவில் உட்கார வைக்கிறது என்பது. இன்னொன்று, வீட்டில் தினமும் கால் மணி நேரம் அந்த மொழிக்கு ஒதுங்குமா என்பது. பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தைவிட இந்த இரண்டும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. இரண்டுமே நடக்காது என்றால் ஸ்பானிஷ் எடுக்கட்டும், அதில் ஒரு குறையும் இல்லை.

முதலில் பேச்சு வராததைப் பற்றி. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்க ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது. ஒரு மொழியில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற எவ்வளவு வகுப்பு நேரம் பிடிக்கும் என்று அவர்களிடம் நீண்ட கால அனுபவத்தில் வந்த கணக்கு உண்டு. ஸ்பானிஷுக்கு 600 முதல் 750 மணி நேரம். சீனத்துக்கு 2200 மணி நேரம். அதுவும் அதையே முழுநேர வேலையாகச் செய்யும் பெரியவர்களுக்கு. இப்போது பள்ளிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 45 நிமிட பீரியட் நான்கு என்றால் 3 மணி நேரம். ஆண்டுக்கு 36 வாரம் வகுப்பு நடந்தால் 108 மணி நேரம். இரண்டு ஆண்டில் 216. சீனத்தில் அது பத்தில் ஒரு பங்குதான். ஸ்பானிஷில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஆகியிருக்கும். பக்கத்து வகுப்பில் ஸ்பானிஷ் படிக்கும் பிள்ளை சரளமாக நாலு வாக்கியம் பேசுவதும் உங்கள் மகள் தயங்குவதும் இந்தக் கணக்கின்படி இயல்பானதுதான். இதை அவளிடமும் சொல்லுங்கள். தனக்கு மொழி வராது என்று இந்த வயதில் முடிவுகட்டிக்கொண்ட பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். அவர்களில் பலருக்கு யாரும் இந்தக் கணக்கைக் காட்டியதே இல்லை.

அடுத்து, பிரிவு. பெற்றோர் இதைத்தான் குறைவாகக் கவனிக்கிறார்கள், பின்னால் இதுதான் அதிகம் வலிக்கிறது. பத்தாம் வகுப்பு அளவில் எழுதும் கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ தேர்வில் சீனத்துக்கு மூன்று தனித்தனித் தேர்வுகள் உண்டு. முதல் மொழியாகச் சீனம் படிப்பவர்களுக்கு 0509, இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களுக்கு 0523, வெளிநாட்டு மொழியாக மாண்டரின் படிப்பவர்களுக்கு 0547. பெயர்கள் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் மூன்றுக்கும் நடுவில் பெரிய தூரம். 0523 எழுதுகிறவர்களில் வீட்டில் சீனம் கேட்டு வளர்ந்தவர்களோ, சீனம் புழங்கும் ஊரில் வளர்ந்தவர்களோ நிறையப் பேர். உங்கள் மகளுக்கு உரியது 0547. அவள் இருக்கும் வகுப்பு எந்தத் தேர்வை நோக்கிப் போகிறது என்று இப்போதே கேட்டுவிடுங்கள். 'அதெல்லாம் ஒன்பதாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தால், விடாமல் இன்னொரு முறை கேளுங்கள்.

ஐபி, அதாவது இன்டர்நேஷனல் பாக்கலரேட், பாடத்திட்டம் என்றால் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் டிப்ளமோ வரும். அங்கே மொழி 'ஏ' என்பது அந்த மொழியில் இலக்கியம் படித்து அலசும் அளவுக்குத் தேர்ந்தவர்களுக்கு. மொழி 'பி' என்பது சில ஆண்டுகள் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு. அதில் சாதாரண நிலைக்கு 150 மணி நேரம், உயர்நிலைக்கு 240 மணி நேரம் கற்பிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். உயர்நிலை எடுத்தால் சீனத்திலேயே எழுதிய இரண்டு இலக்கியப் படைப்புகளைப் படிக்க வேண்டும், வாய்மொழித் தேர்வும் அவற்றிலிருந்து எடுத்த ஒரு பகுதியை வைத்துத்தான். சாதாரண நிலையில் ஒரு படத்தைக் காட்டிப் பேசச் சொல்வார்கள். 'அப் இனிஷியோ' என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது அடியிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு மட்டும். ஐந்தாறு ஆண்டு படித்த பிள்ளையை அதில் சேர்க்கக் கூடாது; மதிப்பெண் சுலபமாக வரும் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் மகளுக்கு இயல்பான பாதை 'பி' சாதாரண நிலை. நடுவில் நன்றாகப் பிடித்துக்கொண்டால் உயர்நிலையை அப்போது யோசிக்கலாம்.

வீட்டில் சீனம் பேசும் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது கெடுதலா நல்லதா என்பது ஆசிரியர் வகுப்பை எப்படிப் பிரித்து நடத்துகிறார் என்பதைப் பொறுத்தது. மாணவர்களின் நிலைக்கு ஏற்பத் தனிக்குழுவாக வேலை கொடுத்தால் நல்லதுதான். பேசிப் பழகத் தோழிகள் பக்கத்திலேயே இருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே பாடம் என்றால், ஆசிரியரின் கேள்வி முடிவதற்குள் அந்தப் பிள்ளைகள் பதில் சொல்லிவிடுவார்கள். உங்கள் மகள் போன்றவர்கள் மெல்லப் பேச்சை நிறுத்திக்கொண்டு எழுத்துத் தேர்வில் மட்டும் மதிப்பெண் எடுக்கப் பழகிவிடுவார்கள். நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் சர்வதேசப் பள்ளிகளில் உண்டு. குடும்பங்கள் ஊர் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வோர் ஆண்டும் புதிய பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். அவர்களுக்காக வகுப்பு திரும்பத் திரும்ப அடியிலிருந்து தொடங்குகிறது. 'என் பெயர்', 'என் குடும்பம்', 'எனக்குப் பிடித்த நிறம்' என்று மூன்றாவது ஆண்டும் அதே பாடம் நடக்கும். மகளின் ஆறாம் வகுப்பு நோட்டையும் ஏழாம் வகுப்பு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து புரியாவிட்டாலும், படங்களும் தலைப்புகளும் வாக்கியத்தின் நீளமும் உங்களுக்கே சொல்லிவிடும்.

சரி, இனி மொழிக்குள் போவோம். தமிழ் பேசும் பிள்ளைக்குச் சீனத்தில் எது தடுக்கும், எது கைகொடுக்கும் என்பது பள்ளியில் சொல்லமாட்டார்கள். ஆசிரியருக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தடுப்பது மூச்சு. சீனத்தில் வயிறு என்பதற்கும் முயல் என்பதற்கும் ஓசை ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலும் முதல் அசை ஒரே தொனி (சீனத்தில் சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம்), இரண்டாம் அசையும் ஒன்றே. தமிழில் எழுதினால் இரண்டையும் 'துட்ஸ' என்றுதான் எழுத முடியும். வேறுபாடு முதல் மெய்யோடு வெளிவரும் காற்றில் மட்டுமே. 'துணி' என்று நாம் சொல்லும்போது வரும் அந்தக் காற்றில்லாத 'து' போட்டால் அது வயிறு. அதே இடத்தில் நாக்கை வைத்து, காற்றை விசையோடு ஊதிச் சொன்னால் முயல். தமிழில் இந்த வேறுபாடு கிடையாது என்பதால் நம் பிள்ளைகளின் காது இதைத் தானாகப் பிரிக்காது. 'எனக்குச் சாப்பிட்டு வயிறு நிறைந்துவிட்டது' என்று சொல்ல வந்த பிள்ளை, காற்றைச் சேர்த்துவிட்டால் 'நான் ஓடிவிட்டேன்' என்று சொல்லிவிடும். தமிழில் அதுவும் இதுவும் 'வோ பாவ் ல' தான். இப்படி ஆறு இணைகள் இருக்கின்றன. ஒரு மெல்லிய காகிதத் துண்டை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். ஒன்றுக்குக் காகிதம் அசையக் கூடாது, மற்றதற்குத் துள்ள வேண்டும். இதைச் சரிபார்க்க உங்களுக்குச் சீனம் தெரிய வேண்டியதில்லை.

இதனால்தான் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: புத்தகத்தில் சீன எழுத்துக்கு மேலே உச்சரிப்பைத் தமிழில் குறித்துக்கொள்ள விடாதீர்கள். தமிழ் எழுத்து அந்த வேறுபாட்டைக் காட்டாது, தொனியையும் காட்டாது. அதற்கென்றே பின்யின் இருக்கிறது. ரோமன் எழுத்தில் உச்சரிப்பைக் குறிக்கும் முறை, 1958இல் சீனாவில் அதிகாரபூர்வமாக வந்தது. ஆனால் அந்த ரோமன் எழுத்துகளையும் ஆங்கிலம்போலப் படிக்கக் கூடாது, அவற்றின் ஓசை வேறு.

கைகொடுப்பதும் உண்டு. பின்யினில் 'ஆர்' எழுத்தால் குறிக்கும் ஒலி நம் ழ-வுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்த பிள்ளைகள் இதற்கு மாதக்கணக்கில் திணறுவார்கள். ழ நன்றாக வரும் பிள்ளைக்கு, மனிதன் என்ற சீனச் சொல்லை 'ழென்' என்று தொடங்கிக் காட்டினாலே பாதி வேலை முடிந்தது. நாக்கை மேலே மடித்துச் சொல்லும் மற்ற ஒலிகளும் ட, ண பழகிய நாக்குக்குப் பிடிபடும். அசையின் கடைசியில் வரும் 'ங்' மட்டும் எச்சரிக்கை. நாம் பழக்கத்தில் அதன் பின்னால் ஒரு 'க்' ஒட்டிவிடுவோம், அது கூடாது.

வாக்கிய அமைப்பில் இன்னும் பெரிய உதவி கிடைக்கிறது. 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்பதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால் புத்தகத்தை முதலில் வைத்து, வாங்கிய கதையைப் பின்னால் கட்ட வேண்டும். சீனத்தில் 'வோ சுவோதியன் மாய் த ஷூ'. நான், நேற்று, வாங்கு, ய, புத்தகம். அப்படியே தமிழ் வரிசை. கேள்வியும் அப்படித்தான். 'நீ எங்கே போகிறாய்' என்பதில் 'எங்கே' வாக்கியத்தின் முன்னால் ஓடிவராமல் தன் இடத்திலேயே நிற்பதுபோலச் சீனத்திலும் நிற்கும். 'வருகிறாயா' என்பதில் கடைசியில் ஒட்டும் ஆ-வுக்கு அங்கே 'மா' என்று ஒரு தனி அசை. 'ஆம்' என்று தனியாகச் சொல்லாமல் 'வருவேன்' என்று வினைச்சொல்லையே பதிலாகத் தருவதும் இரண்டிலும் உண்டு. எண்ணும்போது 'மூன்று பேர்' என்று நாம் நடுவில் ஒரு சொல் போடுகிறோமே, சீனத்தில் எல்லாப் பொருளுக்கும் அப்படி ஒரு சொல் வேண்டும். தட்டையானவற்றுக்கு ஒன்று, நீளமானவற்றுக்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று. செயப்படுபொருள் வினைக்குப் பின்னால் வருவது மட்டும் ஆங்கிலம் மாதிரி. வினைச்சொல்லோ ஆள், பால், காலம் எதற்கும் உருமாறாது. போனான், போனாள், போனார்கள் எல்லாவற்றுக்கும் வினை ஒன்றே. வீட்டில் நன்றாகத் தமிழ் பேசும் பிள்ளைக்கு இதெல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே மூன்று மொழி சுமையாகிவிடும் என்று பயந்து வீட்டில் தமிழைக் குறைக்காதீர்கள்.

தொனிகளைப் பற்றி நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். நான்கு தொனி, அப்புறம் தொனியில்லாத ஓர் இலேசான அசை, அவ்வளவுதான். பிழை வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். மூன்றாம் தொனியைப் புத்தகங்கள் இறங்கி ஏறுவதாக வரைந்துவைத்திருக்கின்றன. பேச்சில் அது பெரும்பாலும் குரலின் அடியில் தாழ்ந்து நிற்பதோடு சரி. ஏற்றத்தைப் பிடிவாதமாகச் செய்யும் பிள்ளை, குரல் ஏறும் இரண்டாம் தொனியோடு குழப்பிக்கொள்ளும். மூன்றாம் தொனி இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாக மாறும்; வணக்கம் சொல்லும் 'நி ஹாவ்' அப்படித்தான். இன்னோர் இடம் கேள்வி. நாம் கேள்வி கேட்கும்போது கடைசி அசையில் குரலை உயர்த்துவோம். சீனத்தில் அந்த அசை இறங்கும் தொனியுடைய சொல்லாக இருந்து, அதை உயர்த்திவிட்டால், கேட்பவருக்கு அது வேறு சொல். கேள்வி கேட்கும்போதும் சொல்லின் தொனி தன் இடத்தில் இருக்க வேண்டும். தொனிகளைத் தனி அசையில் பழகுவதைவிட இரண்டு அசைச் சொற்களாகப் பழகுவதே நல்லது. பேச்சில் வருவது அதுதான்.

எழுத்துக்கு வருகிறேன். 2013இல் சீன அரசு வெளியிட்ட பட்டியலில் 8105 எழுத்துகள் உண்டு, அவற்றில் அன்றாடப் புழக்கத்துக்கானவை என்று முதல் படியில் வைத்தவை 3500. இந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம், பெரும்பாலான எழுத்துகள் உறுப்புகளால் ஆனவை. ஒரு பக்கம் பொருளின் சாயல், மறுபக்கம் ஓசையின் சாயல். 'ச்சிங்' என்று ஒலிக்கும் ஓர் உறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இடப்பக்கம் தண்ணீர்க் குறி சேர்ந்தால் தெளிவு. சூரியன் சேர்ந்தால் மேகமில்லாத வானம். இதயம் சேர்ந்தால் உணர்வு. பேச்சுக் குறி சேர்ந்தால் 'தயவுசெய்து'. நான்கும் 'ச்சிங்' தான், தொனி மட்டும் சில இடத்தில் மாறும். இப்படிக் குடும்பமாகப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்குப் புதிய எழுத்து முழுக்கப் புதியதாக இருக்காது.

பள்ளியில் ஒவ்வோர் எழுத்தையும் பத்துத் தடவை எழுதச் சொல்வார்கள். மூன்றாவது தடவையிலிருந்து கை மட்டும்தான் ஓடும், கவனம் எங்கேயோ இருக்கும். அதற்குப் பதில்: உறுப்புகளைச் சொல்லிக்கொண்டே ஒரு தடவை பார்த்து எழுதட்டும், பிறகு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதட்டும், திறந்து சரிபார்க்கட்டும். மறுநாள் மறுபடி ஒரு தடவை, நாலு நாள் கழித்து ஒரு தடவை. முதல் முந்நூறு எழுத்துகளைக் கையால், சரியான கோட்டு வரிசையில் எழுதத் தெரிந்திருப்பது அவசியம் என்பது என் கருத்து. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் கையால் எழுதவைக்கத் தேவையில்லை. பார்த்தால் அடையாளம் தெரிந்து, பின்யின் தட்டி சரியான எழுத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் போதும். தேர்வில் கையால் எழுத வேண்டிய பகுதி எவ்வளவு என்பதைப் பொறுத்து இதைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். எளிமையாக்கிய எழுத்தா, மரபு எழுத்தா என்பதையும் கேட்டுவையுங்கள். சீனாவிலும் சிங்கப்பூரிலும் முதல் வகை, தைவானிலும் ஹாங்காங்கிலும் இரண்டாம் வகை. நடுவில் பள்ளி மாறினால் இது தடுமாற வைக்கும்.

வீட்டில் கால் மணி நேரம் என்றேனே, அதை இப்படிப் பிரிக்கலாம். ஐந்து நிமிடம் பழைய பாடத்தின் ஒலிப்பதிவைக் கேட்டு, புத்தகத்தைப் பார்க்காமல் கூடவே சொல்வது. ஐந்து நிமிடம் எழுத்து. மீதி நேரம் வாய்விட்டுப் படிப்பது. பின்யினை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பின்யின் தெரிந்தால் கண் எழுத்தைப் பார்க்கவே பார்க்காது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், திருத்த வேண்டாம். வாரம் ஒருமுறை அவள் ஒரு நிமிடம் பேசுவதைப் போனில் பதிவுசெய்து வையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பழையதைக் கேட்டால் அவளுக்கே வித்தியாசம் தெரியும், மதிப்பெண் காட்டாத வளர்ச்சி அது. அகராதிக்கு ப்ளெக்கோ (Pleco), படித்ததை அட்டைகளாகத் திரும்பப் பார்ப்பதற்கு அங்கி (Anki), இந்த இரண்டு ஆப்களும் போதும். தினமும் தொடர்ந்து விளையாடினால் புள்ளி தரும் ஆப்கள் ஆர்வத்துக்குச் சரி, ஆனால் அவற்றில் நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுவதுதான் பெரும்பாலும் வேலை, பேச்சு வராது. டியூஷன் வைப்பதானால் ஹோம்வொர்க் முடித்துக்கொடுக்க வைக்காதீர்கள். பேசுவதற்கு மட்டும், தனியாக, வாரம் இருமுறை அரை மணி நேரம்.

பள்ளிக்கு வெளியே ஓர் அளவுகோல் வேண்டுமானால் எச்எஸ்கே இருக்கிறது, சீனத்தை வெளிநாட்டு மொழியாகப் படிப்பவர்களுக்குச் சீனா நடத்தும் திறன் தேர்வு. பழைய ஆறு படிகளில் முதலாவது 150 சொற்கள், இரண்டாவது 300, மூன்றாவது 600. முதல் இரண்டு படிகளின் வினாத்தாளில் எழுத்தோடு பின்யினும் இருக்கும், மூன்றாவதில் இருக்காது. அந்த மூன்றாம் படிதான் நிஜமாகப் படிக்க வருகிறதா என்று காட்டும். 2021இல் வெளியான புதிய தரநிலை ஒன்பது படிகளாகப் பிரிக்கிறது, சொற்களும் அதிகம். எனவே பயிற்சிப் புத்தகம் வாங்கும்போது எந்த முறைக்கானது என்று பாருங்கள். சிறுவர்களுக்கென்று ஒய்சிடி என்று நான்கு படித் தேர்வும் உண்டு, முதல் படிக்கு 80 சொற்களே போதும். மதிப்பெண்ணுக்காக அல்ல, தன் நிலை தெரிந்துகொள்ள ஒருமுறை எழுதிப் பார்க்கலாம்.

கோடை விடுமுறை இந்த மொழிக்கு ஆபத்தான காலம். இரண்டு மாதம் தொடாமல் விட்டால், அடையாளம் தெரிந்த எழுத்தைக்கூடக் கை எழுத மறுக்கும். அந்த இரண்டு மாதமும் பத்து நிமிடமாவது நடக்கட்டும்.

ஸ்பானிஷ்தான் சரி என்று நான் சொல்லும் சூழ்நிலைகளும் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் சீனம் இல்லாத பள்ளிக்கு மாறப்போகிறீர்கள் என்றால் மாறிவிடுங்கள். சீனம் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் ஒன்றாகவே வைத்து நடத்துவோம், வேறு ஏற்பாடு இல்லை என்று பள்ளி சொன்னாலும் அப்படியே. அவளுக்கே பிடிக்கவில்லை என்றாலும்தான். பிற்காலத்தில் நல்ல வேலை கிடைக்கும் என்ற காரணம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தினமும் கால் மணி நேரம் உட்கார வைக்காது. அவளைத் தனியாக உட்காரவைத்து, அந்த மொழியில் அவளுக்கு எது பிடிக்கிறது என்று கேளுங்கள். ஓர் எழுத்தையோ, ஒரு பாட்டையோ, வகுப்புத் தோழியையோ சொன்னாலும் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம்.

படிவம் கொடுக்கும் முன் மொழித்துறைத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். என் மகள் அடுத்த ஆண்டு எந்தக் குழுவில் இருப்பாள், அந்தக் குழு எந்தத் தேர்வை நோக்கிப் போகிறது, புதிதாகச் சேர்கிறவர்களுக்குத் தனி வகுப்பு உண்டா, வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு நேரம் பேசுகிறது. நாலு கேள்வி போதும். கடைசிக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால், சீனம் என்று குறித்துக் கொடுத்துவிடுங்கள்.